துளை விழாத சீட்டு

ஜனவரி 9

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். கடிதத்தைப் பிரிக்காமல் தூக்கிப்போட மட்டும் உனக்கு மனசு வராது. பன்னிரண்டு வருஷம் ஆர்டர் சீட்டுகளோடு குடித்தனம் நடத்தியவன் நீ. எழுதின காகிதம் எதையும் வாசிக்காமல் விடமாட்டாய்.

பயப்படாதே, சண்டையைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒரு உதவி வேண்டும்.

நம் அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்க வேண்டும். ஆர்டரும் கணக்கும் ஒன்றாக இருக்கிற மாதிரி. ஒரு தடவை ஆர்டரை எழுதினால் அதுவே வெட்டுகிறவருக்குச் சீட்டாகி, டெலிவரிக்குத் துண்டுச்சீட்டாகி, மாதக் கடைசியில் பில்லாகிவிட வேண்டும். இப்போது நான் ஒரே ஆர்டரை நாலு இடத்தில் எழுதுகிறேன். நாலில் ஒன்று எப்படியும் தப்பாகிறது.

போன வாரம் ஒரு விற்பனைக்காரர் வந்தார். சட்டை கசங்காமல் உட்கார நம் பட்டறையில் நாற்காலி ஏது? அட்டைக் கட்டின் மேலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். "மேடம், இதுல பதினெட்டு வகை ரிப்போர்ட் வரும்" என்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். இன்னைக்கு யாருக்கு என்ன பெட்டி போகணும், அது போச்சா இல்லையா" என்றேன். அவர் சிரித்தார். பிறகு விலையைச் சொன்னார், நான் சிரித்தேன். பசை அக்கா பசைத் தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே, "அந்தக் காசுக்குப் பதினெட்டு பேரை வேலைக்கு வெச்சு ஆளுக்கொரு ரிப்போர்ட் சொல்லச் சொல்லலாமே" என்றாள். அவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் கைக்கு அடக்கமாக எது கிடைக்கும் என்று நீதான் சொல்லவேண்டும். கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆள் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? போன மாதம் கேக் கடைப் பெட்டியை இரண்டு தடவை வெட்டிவிட்டோம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு பெட்டிகூடப் போகவில்லை. ஏன் என்று இப்போது கேட்காதே.

அண்ணி


ஜனவரி 18

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டறையில் அத்தனை பேர் எதிரில் என்னைப் பொய்யன் என்றார்கள். பொய்யனிடம் யோசனை கேட்பது உங்களுக்குச் சம்மதம் என்றால் சொல்வதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இதைக் கொழுந்தனாக எழுதவில்லை. கப்பல் சரக்கு ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஒருவன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு ரிப்போர்ட் ஆளைத் திரும்ப உள்ளே விடாதீர்கள். இலவசம் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். அதில் கணக்கு மட்டும் இருக்கும், ஆர்டர் இருக்காது. ஆர்டருக்கு இன்னொன்று வாங்கச் சொல்வார்கள். இதிலிருந்து அதற்கு நீங்கள்தான் கையால் எழுதவேண்டும். அப்புறம் அது எதற்கு? வருஷச் சந்தா கட்டாதீர்கள், மாத வாடகைக்கு வாங்குங்கள். வேண்டாம் என்று விட்டால் நம் விவரங்களை வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பாதிப் பெட்டி இன்றைக்கு, மீதி அடுத்த வாரம் என்று அனுப்பினால் பில் எப்படிப் போடும் என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே ஓடிவிடுவார்கள்.

முக்கியமானது இதுதான். வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். நல்லபடியாகப் போன மாதத்தைப் போட்டுப் பார்த்தால் எல்லா சாஃப்ட்வேரும் நல்லதுதான். பழைய சீட்டுப் பெட்டிகளில் இருப்பதிலேயே மோசமான, குழம்பிப்போன ஒரு மாதத்தை எடுத்து அதில் போடுங்கள். அதைத் தாங்கினால் எதையும் தாங்கும்.

இவ்வளவுதான்.


பிப்ரவரி 3

தம்பிக்கு,

"இவ்வளவுதான்" என்று முகத்தில் அடித்தாற்போல முடித்திருக்கிறாய். ஆனாலும் ஒரு பக்கம் முழுக்க யோசனை சொல்லியிருக்கிறாய். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று பேரிடம் கேட்டேன். பாதிப் பெட்டிக் கேள்வியில் இரண்டு பேர் நீ சொன்னபடியே ஓடினார்கள். மூன்றாவது, புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் சேர்ந்து நடத்துகிற சின்னக் கம்பெனி. மாத வாடகை நாம் வாங்குகிற பசையில் ஒரு டின் விலைகூட இல்லை. ஆர்டர், டெலிவரி, பில், வரவு எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் அந்த வாடகைக்கு இரண்டே பேர்தான் உள்ளே போகலாம். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒருவர் ஆர்டரைப் பதிந்தால் அது அப்படியே நிற்கும். இரண்டாவது ஆள் திறந்து பார்த்து 'சரி' என்று அழுத்தினால்தான் வெட்டுகிறவருக்குச் சீட்டு வரும்.

அதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் இருவரின் ஞாபகம் வந்தது. உன் அண்ணன் சீட்டு எழுதி அளவைச் சத்தமாகச் சொல்வார். நீ அதைத் திருப்பிச் சொல்வாய். சரியாக இருந்தால் சீட்டை வாங்கி, மேஜை மேல் நட்டமாக நிற்கிற அந்தக் கூர்க்கம்பியில் குத்துவாய். துளை விழுந்தால்தான் அது ஆர்டர். சின்ன வயதிலிருந்தே உன்னைக் குண்டூசி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். நீ சீட்டைக் குத்துகிறபோதெல்லாம், "குண்டூசி, கம்பிக்கு வலிக்கப்போவுது" என்பார். தினமும் அதே ஜோக், தினமும் நீ சிரிப்பாய்.

இனி மறைத்துப் பயனில்லை. உன் அண்ணனுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. வயதாகிறது, வேலைப் பளு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நவம்பரில் மூடிப்போன ஒரு செருப்புக் கடைக்கு அறுபது பெட்டி எடுத்துக்கொண்டு போய் வாசலில் மத்தியானம் முழுக்க நின்றிருக்கிறார். டாக்டரிடம் காட்டினேன். இது ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருக்கும் என்றார். முதலில் வேலை மறக்கும், பிறகு பெயர்கள், பிறகு முகங்கள். எப்போது என்று சொல்ல முடியாதாம். ஒரு வருஷம் ஆகலாம், நாலு மாதமும் ஆகலாம்.

இன்றைக்கு உன் போட்டோவைக் காட்டினால் யாரென்று சொல்கிறார். அதனால்தான் கேட்கிறேன். உன்னைத் தெரிகிறபோதே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

இரண்டு நாள் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வரமாட்டேன். அந்த விளக்குக் கடை ஆர்டர் நடந்த நாளை நீங்கள் பார்த்தீர்கள். லாரி வந்து வாசலில் நின்றது, ஒரு பெட்டிகூடத் தயாராக இல்லை. விளக்குகளை வெறும் வைக்கோலில் சுற்றி ஏற்றிப்போனார்கள், பாதி உடைந்தது. நமக்கிருந்த பெரிய வாடிக்கையாளர் அன்றோடு போனார். அண்ணன் என் சட்டையைப் பிடித்து, "நான் சொன்னேன். நீ திருப்பிச் சொன்னே. சொல்லிட்டு மறந்துட்டு இப்ப பொய் சொல்றே" என்றார். அவர் எனக்கு அந்த அளவைச் சொல்லவே இல்லை, அண்ணி. நான் தலைகீழாக நின்று சொன்னேன். பசை அக்கா தரையைப் பார்த்தாள். நீங்கள் கதவைப் பார்த்தீர்கள்.

அவருக்கு மறந்துவிட்டது என்றால் அவருக்கு நிம்மதி. எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. ஞாபகம் இருக்கிறவன் மறந்தவரைத் தேடிப் போய் என்ன பேசுவது?

சாஃப்ட்வேரை வாங்குங்கள். இரண்டாவது ஆளாக என்னைப் போடுங்கள். அது எந்த ஊரிலிருந்தும் திறக்கும். அண்ணன் பதியட்டும், நான் தினமும் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துச் 'சரி' அழுத்துகிறேன். இரண்டு தடவை பதிந்திருந்தால் ஒன்றை நீக்குகிறேன். இரண்டாவது ஆள் யார் என்று அவரிடம் சொல்லவேண்டாம்.


மார்ச் 6

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

சாஃப்ட்வேரை வாங்கிவிட்டோம். தினமும் ஒரு மணிக்கு உன் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். ஒற்றை விரலால் தான் பதிந்த ஆர்டர்கள், நீ 'சரி' அழுத்த அழுத்த, ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறுவதைப் பார்க்க. "அந்தப் பக்கம் யாரோ ரொம்பக் கண்ணும் கருத்துமா பாக்குறாங்க" என்கிறார். நீ சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் அதுவல்ல. மோசமான மாதத்தை எடுத்துச் சோதிக்கச் சொன்னாய் அல்லவா? வாங்குமுன் நேரமில்லை, போன வாரம்தான் செய்தேன். மோசமான மாதம் என்றால் நம் வீட்டில் எது என்று உனக்கும் தெரியும். அந்த மாதத்துச் சீட்டுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொரு சீட்டாகப் பதிந்தேன். எல்லாச் சீட்டிலும் நடுவில் கம்பித் துளை. அடியில் அவருடைய பழைய அளவு நோட்டு ஒன்று கிடந்தது. அதன் நடுவே பக்கம் அடையாளத்துக்கு ஒரு சீட்டு மடித்து வைத்திருந்தது. அவர் கையெழுத்து.

விளக்குக் கடை. நீளம் 24, அகலம் 24, உயரம் 38. ஆயிரத்து இருநூறு. 18ஆம் தேதி லாரி.

அதில் துளை இல்லை, தம்பி. நான் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன், விரலால் தடவியும் பார்த்தேன். அவர் எழுதியிருக்கிறார், மடித்து வைத்திருக்கிறார், உன்னிடம் சொல்லவே இல்லை. சொன்னதாக நினைத்துவிட்டார். டாக்டர் சொன்ன அந்தச் சில வருஷக் கணக்கு அன்றைக்கே தொடங்கியிருக்கிறது. வியாதியின் முதல் அடி உன் மேல் விழுந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதை உன் தப்பு என்று நினைத்தோம். நானும் நினைத்தேன். அன்றைக்கு நான் கதவைப் பார்த்தது அதனால்தான். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

சீட்டை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் வாசித்தார். திருப்பிப் பார்த்தார், துளையைத் தேடினார். பிறகு, "குண்டூசிய நான்தான் துரத்திட்டேனா?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் அதே சீட்டு மேஜை மேல் கிடந்தது. "இது என்ன சீட்டு?" என்று எடுத்து வாசித்தார். முதல் நாள் அழுததெல்லாம் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து அதே அழுகை. மூன்றாவது நாள் நான் அதை ஒளித்துவைத்துவிட்டேன். தினமும் ஒரு மனிதனுக்குப் புதிதாக அந்த வலியைக் கொடுக்க என்னால் முடியாது.

சீட்டு இந்த உறைக்குள் இருக்கிறது. அது உன்னிடம் வரவேண்டியதுதானே?

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

சீட்டு கிடைத்தது. என் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இருபத்துநாலு, இருபத்துநாலு, முப்பத்தெட்டு. மனப்பாடமாகிவிட்டது.

நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டாம். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த ஐந்து வருஷமும் நான் உறுதியாக இருந்ததாக நினைக்கிறீர்கள். இல்லை. அண்ணன் அத்தனை நிச்சயமாகச் சொன்னாரே, ஒருவேளை நான்தான் திருப்பிச் சொல்லிவிட்டு மறந்தேனோ என்று எத்தனையோ தடவை குளித்துக்கொண்டிருக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் யோசித்திருக்கிறேன். இங்கே எந்தக் கணக்கையும் மூன்று தடவை சரிபார்க்காமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஆபீஸில் கேலி செய்கிறார்கள்.

இப்போது கோபப்படலாம் என்று பார்த்தால் கோபப்பட ஆளில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வருகிறேன். இந்த மாதக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடு வரை எங்கள் ஆபீஸில் வருஷக் கணக்கு முடிப்பு. அதை விட்டுவிட்டு வந்தால் வேலை போய்விடும். ஏப்ரல் இருபதாம் தேதி அங்கே இருப்பேன். அதுவரை போட்டோவைத் தினமும் காட்டுங்கள்.

கேக் கடை ஆர்டர் நேற்று மூன்று தடவை வந்திருந்தது. இரண்டை நீக்கிவிட்டேன். அவருக்குத் தெரிய வேண்டாம்.


ஏப்ரல் 4

தம்பி,

நாலு வரிதான். முடிந்தால் முன்னாலேயே வா. போட்டோவைக் காட்டினேன். "நல்ல முகம்" என்றார். பெயர் வரவில்லை. நேற்று என்னையே, "நீங்க எந்தக் கடையிலிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். ஒரு நிமிஷம்தான், பிறகு சரியாகிவிட்டது. ஆனால் கேட்டார்.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அங்கே உங்கள் எதிரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தீர்கள்.

பட்டறையில் எதுவும் மாறவில்லை. வெட்டுகிற மேஜையின் காலுக்கு அதே மடித்த அட்டை. ஜன்னலோரம் அதே ஈரப் பசை வாசனை. சாஃப்ட்வேர் வந்த பிறகும் அந்தக் கம்பியை அவர் தூக்கிப்போடவில்லை, பார்த்தீர்களா? கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். "வாங்க, உக்காருங்க. என்ன பெட்டி வேணும்?" என்றார்.

வழி முழுக்க எத்தனையோ ஒத்திகை பார்த்திருந்தேன். அண்ணா, நான்தான் என்று சொல்லலாம் என்று. அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. வாடிக்கையாளர் வந்த சந்தோஷம் அதில் இருந்தது. அதைக் கெடுத்து, நான் யாரென்று சொல்லி, அந்தச் சீட்டுக் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து அவரை அழவைக்கவா? பசை அக்கா வாயைத் திறந்தாள், நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"இருபத்துநாலு, இருபத்துநாலு, முப்பத்தெட்டு" என்றேன். வேறு எந்த அளவும் வாயில் வரவில்லை.

"உயரமான பெட்டி. விளக்கு மாதிரி எதாவது வெப்பீங்களா?"

"ஆமா."

"எத்தனை?"

"ஒண்ணு போதும்."

சீட்டு எழுதினார். எண்கள் இன்னும் அப்படியே அச்சுப் போல இருக்கின்றன. எழுதி முடித்து நிமிர்ந்து, "எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

திருப்பிச் சொன்னேன், அண்ணி. இருபத்துநாலு, இருபத்துநாலு, முப்பத்தெட்டு, ஒண்ணு. அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் தலையாட்டிவிட்டுச் சீட்டை என்னிடம் நீட்டினார். வாங்கிக் கம்பியில் குத்தினேன். அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் வந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்ததாகச் சொன்னது பொய். முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கணக்கு முடிப்பை விட்டுவிட்டு மார்ச்சிலேயே வந்திருக்க வேண்டும். வேலை போனால் போயிருக்கும். ஒரு மாதம், அண்ணி. ஐந்து வருஷம் வீம்புக்குக் கொடுத்தேன், கடைசி ஒரு மாதத்தை ஆபீஸுக்குக் கொடுத்தேன்.

நாலு நாளாகச் சாஃப்ட்வேரைத் திறக்கவில்லை. அந்தத் திரையைப் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பார்க்கிறேன். அதுவரை கொஞ்சம் சமாளித்துக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 28

தம்பிக்கு,

நீ திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மற்ற ஆர்டர்களுக்கு நானே பழையபடி கையால் சீட்டு எழுதிக் கொடுத்துச் சமாளிக்கிறேன். நீ போன நாளிலிருந்து ஒரு ஆர்டர் மட்டும் பச்சையாகாமல் நிற்கிறது. அவர் தினமும் ஒரு மணிக்கு வந்து உட்கார்ந்து, அது மாறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து போகிறார்.

அது எப்படிப் பதிவானது என்று சொல்கிறேன். நீ பஸ் ஏறப் போனதும் கம்பியிலிருந்து உன் சீட்டை உருவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பதிகிறேன் என்றேன், விடவில்லை. ஒற்றை விரலால் அளவை அடித்தார், எண்ணிக்கையை அடித்தார். வாடிக்கையாளர் பெயர் என்கிற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். சீட்டில் பெயரே எழுதவில்லையே. புது வாடிக்கையாளர் என்று போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விரல் தானாக ஒவ்வொரு எழுத்தாகத் தேடத் தொடங்கிவிட்டது.

குண்டூசி.

"அது யாருங்க?" என்று கேட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியல" என்றார். "ஆனா சரியாச் சொன்னான்."

அப்போதே உனக்குப் போன் செய்யப்போனேன். பசை அக்காதான், "எழுதிப் போடுங்க, போன்ல சொன்னா தாங்கமாட்டான்" என்று தடுத்தாள். மறுநாள் அவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு எந்த ஞாபகமும் இல்லை. இனி இருக்காது என்றுதான் நினைக்கிறேன். உன்னிடம் பொய்யான நம்பிக்கை எதுவும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆர்டரின் அடியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு மாதமாக அதில் அவர் எதையும் எழுதியதில்லை. இதில் எழுதியிருக்கிறார். "திருப்பிச் சொன்னான். தப்பு அவன் மேல் இல்லை."

வெட்டுகிறவர் அட்டையை அளந்து மேஜை மேல் எடுத்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறார். சீட்டு வராமல் அவர் கத்தியைத் தொடமாட்டார். நாளைக்கு ஒரு மணிக்கு உன் அண்ணன் மறுபடி திரை முன்னால் வந்து உட்காருவார். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

நீ சரி என்று அழுத்து, தம்பி.

அண்ணி